மைக் யார் கையில்? அறிவியல் கூட்டங்கள் பற்றி வாசகர் கேள்வி - பதில்

சென்னையில் பொதுமக்களுக்காக நடக்கும் அறிவியல் பேச்சுகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு போட்டு, கேட்க வேண்டியதை எழுதி அனுப்புங்கள் என்றிருந்தோம். போய்க் கேட்க விரும்புகிறவர்களைவிட, தங்கள் தெருவிலோ பள்ளியிலோ தாங்களே நடத்த விரும்புகிறவர்களின் கடிதங்கள்தான் அதிகம் வந்தன. அது எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு. அறிவியல் பேச்சு என்றால் யூடியூபில் பார்ப்பதுதான் என்று இருக்கிறாள். நேரில் போய்க் கேட்க, கட்டணம் இல்லாமல், சென்னையில் என்ன இருக்கிறது? - வாசகி, குரோம்பேட்டை

முதலில் தரமணி. அங்குள்ள கணித அறிவியல் நிறுவனத்தைப் பலரும் ‘மேட்சயின்ஸ்’ என்றே சொல்வார்கள். 2016 முதல் இந்த நிறுவனம் மியூசிக் அகாடமி அரங்கில் ‘சயின்ஸ் அட் தி சபா’ என்ற நிகழ்ச்சியை நடத்திவருகிறது. கச்சேரிக்குப் போய் உட்காரும் அதே நாற்காலிகளில், ஒரே நாளில், வெவ்வேறு துறை ஆய்வாளர்கள் பேசுவதைக் கேட்கலாம். அனுமதி இலவசம். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். இந்த நிறுவனம் பிறந்த விதமும் ஒரு பொதுப்பேச்சுக் கதைதான். இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தம் வீட்டிலேயே இயற்பியல் கருத்தரங்கு நடத்திவந்தார். 1960-இல் சென்னைக்கு வந்த டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் அந்த வீட்டுக் கூட்டத்தைப் பாராட்டினார். 1962 ஜனவரி 3 அன்று நிறுவனம் தொடங்கியது.

கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும், 1988-இல் திறந்த பிர்லா கோளரங்கமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கோளரங்கத்தில் தமிழ்க் காட்சிக்கும் ஆங்கிலக் காட்சிக்கும் தனித்தனி நேரம் உண்டு, விசாரித்துக்கொண்டு போங்கள். இங்கே நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டியிருக்கும். தமிழிலேயே கேட்க வேண்டும் என்றால் 1980 முதல் இயங்கும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கிளைகளைத் தேடுங்கள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1928-இல் அதே தேதியில் ராமன் விளைவு கண்டறியப்பட்டதன் நினைவாக வைத்தது. அந்த நாளை ஒட்டி, மற்ற நாளில் வாசல் தாண்ட முடியாத பல ஆய்வகங்கள் மாணவர்களுக்குக் கதவைத் திறக்கின்றன. போகும்போது பள்ளி அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அது இல்லாமல் வாயிற்காவலரிடம் நின்று திரும்புகிறவர்கள் உண்டு.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ஆய்வு நிறுவனங்களின் நிகழ்ச்சிப் பட்டியலில் மூன்று வகை இருக்கும். ‘செமினார்’ என்றால் அந்தத் துறைக்காரர்கள் தங்களுக்குள் பேசுவது. ‘கொலோக்கியம்’ என்றால் பக்கத்துத் துறைக்காரருக்கும் ஓரளவு புரியும். ‘பப்ளிக் லெக்சர்’ என்று போட்டிருப்பதுதான் உங்கள் மகளுக்கானது. முதல் தடவையே செமினாரில் கொண்டுபோய் உட்கார வைத்தால், நமக்கு மூளை இல்லை என்று நினைத்துக்கொண்டு வெளியே வருவாள். அது அவள் குறையே இல்லை.

எங்கள் குடியிருப்பு நூலகத்தில் மாதம் ஒரு தமிழ் அறிவியல் பேச்சு நடத்தத் திட்டம். 50 பேர் உட்காரும் கூடம். பேச்சாளர் கிடைத்துவிட்டார். மற்ற ஏற்பாடுகளை எங்கிருந்து ஆரம்பிப்பது? - குடியிருப்போர் சங்கத்தினர், மடிப்பாக்கம்

கடைசி வரிசையிலிருந்து ஆரம்பியுங்கள். அங்கே உட்காருகிறவருக்குத் திரை தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியவை.

திரையின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரம்வரைதான் எழுத்து வசதியாகத் தெரியும். 2 மீட்டர் அகலத் திரை என்றால் அகலவாக்குப் படத்தின் உயரம் ஏறக்குறைய 1.1 மீட்டர். ஆகக் கடைசி நாற்காலி திரையிலிருந்து 6.5 மீட்டருக்குள் இருக்கட்டும். பேச்சாளரிடம் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள்: தம் மடிக்கணினியை மேசையில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று தம் ஸ்லைடுகளைப் படித்துப் பார்க்கட்டும். கடைசி வரிசைக்காரர் பார்க்கப்போவது ஏறக்குறைய அந்த அளவுதான். படிக்க முடியாத வரைபடத்தைப் பெரிதாக்க வேண்டும் அல்லது எடுத்துவிட வேண்டும். “இது உங்களுக்குத் தெரியாது, இருந்தாலும் சொல்கிறேன்” என்று மேடையில் சொல்ல நேரும் ஸ்லைடு எதற்கு?

புரொஜெக்டரின் ஒளி 3,000 லூமனுக்குக் குறையாமல் இருக்கட்டும். அறையை முழுக்க இருட்டாக்காதீர்கள். திரைக்கு மேலுள்ள குழல்விளக்கை மட்டும் அணைத்தால் போதும். முழு இருட்டில் பேச்சாளருக்கு முகங்கள் தெரியாது. புரியாமல் விழிக்கும் முகம் கண்ணில் பட்டால்தான் அவர் நின்று இன்னொரு தடவை சொல்வார்.

ஒலிபெருக்கிப் பெட்டிகள் மைக்குக்கு முன்னால், கேட்பவர்களைப் பார்த்து இருக்க வேண்டும். பெட்டிக்கு எதிரே மைக் வந்தால், பெட்டியின் சத்தம் மைக்கில் நுழைந்து, மறுபடி பெட்டிக்குப் போய், ‘கூ’ என்று ஊளையிடும். உடனே எல்லோரும் சத்தத்தைக் குறைப்பார்கள். அப்புறம் பின்வரிசைக்குக் கேட்காது. குறைப்பதற்கு முன் பெட்டியை இரண்டடி முன்னே நகர்த்திப் பாருங்கள். கையில் பிடிக்கும் மைக் என்றால் வாய்க்கும் அதற்கும் ஒரு கைமுட்டி இடைவெளி. சட்டையில் குத்தும் காலர் மைக் வசதியானது. ஆனால் சேலை முந்தானை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எது உரசினாலும் கரகரக்கும். குத்தியதும் பேச்சாளரை இடமும் வலமும் திரும்பச் சொல்லிக் கேட்டுப் பார்த்துவிடுங்கள். கேள்வி கேட்பவர்களுக்கு இன்னொரு கம்பியில்லா மைக், இரண்டுக்கும் மாற்று பேட்டரி. மேடைக்கு மேலே கடகடக்கும் மின்விசிறி இருந்தால் அதை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டு விசிறி வையுங்கள்.

மடிக்கணினிக்கும் புரொஜெக்டருக்கும் இடையில் வரும் சிக்கல்தான் நிகழ்ச்சியை அதிகம் தாமதப்படுத்துவது. புதிய மடிக்கணினிகளில் யுஎஸ்பி-சி துளை மட்டும் இருக்கும், புரொஜெக்டரில் எச்டிஎம்ஐ இருக்கும். இடையில் போட ஒரு அடாப்டரைச் சங்கத்தின் செலவில் வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். பேச்சாளர் கொண்டுவருவார் என்று நம்பாதீர்கள். புரொஜெக்டர், மடிக்கணினி, சிறிய ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் வீட்டு இன்வெர்ட்டர் தாங்கும். விளக்கு வகை புரொஜெக்டர் என்றால் இது முக்கியம்: மின்சாரம் போய் வந்தால், விளக்கு ஆறும்வரை அது மறுபடி எரியாது. அந்தச் சில நிமிடத்தில் பாதிப்பேர் கைபேசிக்குள் போய்விடுவார்கள்.

நாள் பார்ப்பது பற்றி: அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் நடுவரை மழை. மார்ச்சில் பொதுத்தேர்வு, பிள்ளைகளும் வரமாட்டார்கள், பெற்றோரும் வரமாட்டார்கள். ஜனவரி, பிப்ரவரி, ஜூன் முதல் செப்டம்பர்வரை நல்ல காலம். ‘மாதத்தின் மூன்றாவது ஞாயிறு மாலை 5 மணி’ என்று ஒன்றை முடிவுசெய்து மாற்றாமல் வைத்திருங்கள். தேதி மாறிக்கொண்டே இருந்தால் கூட்டம் சேராது. திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைத்தால் காவல்துறை அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது.

சென்ற கூட்டத்தில் பேச்சாளர் தம் கணினியில் செய்த தமிழ் ஸ்லைடுகள் எங்கள் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாக வந்தன. ஏன்? - அரசுப் பள்ளி ஆசிரியர், திருவள்ளூர்

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அவர் தட்டச்சு செய்யவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்தவை. பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் நிற்கும். இரண்டு வழி உண்டு. பேச்சாளர் தம் கணினியிலேயே பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுவரலாம். எழுத்து உடையாது, ஆனால் அசையும் படமும் காணொளியும் போய்விடும், அவற்றைத் தனிக் கோப்பாக எடுத்துவர வேண்டும். இல்லையென்றால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். மாற்றியபின் ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். ‘கொ’, ‘கோ’ போன்ற இருபுறக் கொம்பு எழுத்துகளில்தான் பிழை ஒளிந்திருக்கும்.

எங்கள் ஊர்க்காரரே ஒருவர் பெரிய ஆய்வாளர். தமிழில் பேச ஆசைப்படுகிறார், ஆனால் கலைச்சொல் வராது என்று தயங்குகிறார். எப்படி உதவுவது? - கல்லூரி மாணவர்கள், செங்கல்பட்டு

அவரை விடாதீர்கள். அந்தத் தயக்கம் அரைநாள் வேலையில் தீரக்கூடியது. பேச்சில் கட்டாயம் வரும் சொற்களை, பத்துப் பதினைந்துதான் இருக்கும், அவரிடம் முன்கூட்டியே வாங்குங்கள். பள்ளிப் பாடநூலில் தமிழ்ச் சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்: விசை, உந்தம், முடுக்கம், திசைவேகம், மரபணு. தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு இவை பழகியவை. கூட்டத்தில் அவர்கள் தலைநிமிர்ந்து உட்காரும் இடம் அதுதான். ஆங்கிலவழியில் படித்த பெரியவர்களுக்கு இவை தெரியாது. ஆகவே முதல் தடவை வரும்போது இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, பிறகு தமிழ்ச் சொல்லையே ஆளலாம்.

கலைச்சொல் தெரியாததால் வரும் குழப்பத்தைவிட, தெரிந்த சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதால் வருவது அதிகம். “தியரியாகச் சொன்னால் சரி, நடைமுறைக்கு ஒத்துவராது” என்று நாம் தினமும் பேசுகிறோம். அதனால் பரிணாமக் ‘கோட்பாடு’ என்றதும் அது இன்னும் முடிவாகாத ஊகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இன்னும் சோதிக்க வேண்டியதைக் கருதுகோள் என்றும், பல சோதனைகளைத் தாங்கி நிற்பதைக் கோட்பாடு என்றும் இரண்டு வரியில் பிரித்துச் சொல்லிவிட்டு மேலே போகலாம். ‘பிழை’யும் அப்படித்தான். அளவீட்டில் இவ்வளவு பிழை என்றால், செய்தவர் தப்பு செய்துவிட்டார் என்று நினைப்பார்கள். பூக்காரம்மா ஒரே சரத்தைப் பத்துத் தடவை முழம் போட்டால் ஒவ்வொரு தடவையும் விரற்கடை கூடக்குறைய வரும், அந்தக் கூடக்குறைவுதான் இது என்றால் எல்லோருக்கும் விளங்கும். காலநிலை பற்றிய பேச்சில் ‘பாசிட்டிவ் ஃபீட்பேக்’ வரும். கேட்பவருக்கு அது நல்ல சேதி. பனி உருகினால் தரை கூடுதல் வெயிலை உறிஞ்சும், அதனால் இன்னும் பனி உருகும் என்ற ஆபத்தான சுழற்சியைத்தான் அவர் சொல்கிறார். ‘தன்னைத் தானே வளர்க்கும் சுழற்சி’ என்று சொல்லச் சொல்லுங்கள்.

எண்களை லட்சம், கோடியில் மாற்றி எழுதிக் கொடுங்கள். ஒரு மில்லியன் 10 லட்சம், ஒரு பில்லியன் 100 கோடி. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு, பூமியின் வயது ஏறக்குறைய 454 கோடி ஆண்டு. மேடையில் நின்றபடி மனக்கணக்காக மாற்றும்போது பத்து மடங்கு தவறுவது மிகச் சாதாரணம்.

நிழலில்லா நாளைப் பள்ளியில் கொண்டாட நினைக்கிறோம். வெறுமனே நிழல் மறைவதைக் காட்டிவிட்டு முடிக்காமல், பிள்ளைகள் எதையாவது அளக்கும்படி செய்ய முடியுமா? - அறிவியல் ஆசிரியை, அம்பத்தூர்

முடியும். எங்களுக்கு மிகவும் பிடித்த செய்முறை இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 13.08 பாகையில் இருக்கிறது. சூரியன் அதே பாகைக்கு வரும் நாளில்தான் நண்பகலில் நேர் உச்சியில் நிற்கும். அது வருடத்தில் இரண்டு தடவை: ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 அல்லது 11-லேயே முடிந்துவிடும். கடிகாரத்தில் 12 மணிக்கு நிழல் மறையும் என்று காத்திருந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது. சென்னை அதற்கு மேற்கே இருப்பதால் இங்கே சராசரி நண்பகல் 12.09-க்குத்தான் வரும். பூமி தன் சுற்றுப்பாதையில் ஒரே வேகத்தில் போகாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் சில நிமிடம் முன்பின் ஆகும். ஏப்ரல் 24 அன்று 12.07, ஆகஸ்ட் 18 அன்று 12.13 என்று குறித்துக்கொள்ளுங்கள். ரயில்கள் ஒரு காலத்தில் பின்பற்றிய ‘மதராஸ் நேரம்’ இந்த ஒன்பது நிமிட வித்தியாசம்தான். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகத்தின் தீர்க்கரேகையை வைத்துக் கணித்தது அது. அங்கே கருவி தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிக் கல்வெட்டுகளோடு இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

ஒரு மீட்டர் நேரான குழாய் ஒன்றை எடுத்து, தூக்குக்குண்டு வைத்து எல்லாப் பக்கமும் செங்குத்து பார்த்து நிறுத்துங்கள். தரை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பள்ளி முற்றங்கள் மழைநீர் ஓட வாட்டம் விட்டுப் பூசியவை, அதனால் பெரும்பாலும் மட்டமாக இருக்காது. ஒட்டுப்பலகையின் நான்கு மூலையிலும் சிறு ஆப்பு கொடுத்து மட்டம் செய்து, அதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டுங்கள். 11.45 முதல் 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியைப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். உச்சியை நெருங்கும்போது நிழல் நிமிடத்துக்கு 4 மில்லிமீட்டர் நகரும். பிள்ளைகள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பென்சில் கோட்டைத் தாண்டிப் போகும். பூமி சுற்றுவதைக் கண்ணால் பார்ப்பது என்றால் அதுதான்.

அன்றைக்கு மேகம் மூடிவிட்டால்? ஒரு நாள் தள்ளிப் போனால் நண்பகல் நிழல் 6 மில்லிமீட்டர்தான் இருக்கும். மறுநாள் செய்யுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

பூமியை அளக்க நிழல் மறையும் நாள் தேவையே இல்லை. சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே நிற்கும் மார்ச் 21-ஐ ஒட்டிய ஒரு நாளில், கன்னியாகுமரியில் ஒரு பள்ளியோடு பேசிவைத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் அளக்கலாம். இரு ஊர்களின் அட்சரேகை வித்தியாசம் மிகச் சரியாக 5 பாகைக்கு வருவது தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். மீட்டர் குழாயின் நண்பகல் நிழல் சென்னையில் ஏறக்குறைய 23 சென்டிமீட்டர், கன்னியாகுமரியில் 14. நிழலின் நீளத்தைக் குழாயின் உயரத்தால் வகுத்து, வரும் எண்ணுக்குரிய கோணத்தை டேன்ஜென்ட் அட்டவணையில் பார்த்தால் 13, 8. வித்தியாசம் 5 பாகை. 360-இல் அது 72-இல் ஒரு பங்கு. இரு ஊர்களுக்கும் வடக்கு-தெற்காக உள்ள தூரம் ஏறக்குறைய 555 கிலோமீட்டர். அதை 72-ஆல் பெருக்கினால் 40,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைய வரும். பூமியின் சுற்றளவு கைக்கு வந்துவிட்டது.

தவறுகிற இடங்கள் மூன்று. சாலைத் தூரத்தைப் போட்டுவிடுவார்கள். வரைபடத்தில் நேர் வடக்கு-தெற்குத் தூரம்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது, இரண்டு பள்ளியும் ஒரே கடிகார நேரத்தில் அளப்பார்கள். கன்னியாகுமரி மேற்கே தள்ளி இருப்பதால் அங்கே நண்பகல் 11 நிமிடம் பிந்தி வரும். அந்த நாளில் சென்னைக்கு 12.16, அங்கே 12.27. அவரவர் ஊரில் நிழல் மிகக் குட்டையாக இருக்கும் கணத்தைத்தான் எடுக்க வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டமானது. சூரியன் புள்ளி இல்லை, அரைப்பாகை அகலமுள்ள வட்டம். அதனால் நிழலின் நுனி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மங்கலாக இருக்கும். எதை நுனி என்று வைப்பது? குழாயின் தலையில், நடுவே சிறு துளையிட்ட அட்டையை ஒட்டிவிடுங்கள். தரையில் சின்ன ஒளிவட்டம் விழும், அதன் மையத்தைக் குறிக்கலாம். இரு பள்ளியும் எதிரெதிர்த் திசையில் 2 மில்லிமீட்டர் தவறினாலே விடை ஏறக்குறைய 1,700 முதல் 1,800 கிலோமீட்டர் விலகிவிடும். எந்த விடை வந்தாலும் அதை அழித்துத் திருத்த விடாதீர்கள். ஏன் விலகியது என்று எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் ஊருக்கு அருகிலேயே இதன் பெரிய வடிவம் நடந்திருக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நிலஅளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த, இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணி அங்கிருந்துதான் வளர்ந்தது.

மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்து நிலாவைக் காட்டலாம் என்றிருக்கிறோம். பௌர்ணமி அன்று வைத்தால் கூட்டம் வருமா? - இளைஞர் மன்றம், வில்லிவாக்கம்

கூட்டம் வரலாம், பார்க்க ஒன்றும் இருக்காது. பௌர்ணமியன்று சூரிய ஒளி நேராக விழுவதால் நிலாவின் குழிகளுக்கு நிழலே இல்லை. வெள்ளைத் தட்டு மாதிரி கண்ணைக் கூசும். வளர்பிறை சஷ்டி முதல் நவமிவரை ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அப்போது மாலையில் நிலா உயரத்தில் இருக்கும். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டி ஒவ்வொரு குழியும் கருநிழலோடு எழும்பி நிற்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் “ஐயோ!” என்று தலையைப் பின்னுக்கு இழுப்பார்கள்.

மொட்டைமாடி வேண்டாம். பகல் முழுக்கச் சூடேறிய காங்கிரீட் இரவு 9 மணிக்கும் அனல் விட்டுக்கொண்டிருக்கும், படம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். பள்ளி மைதானத்தின் மண்தரை நல்லது. கடற்கரை இன்னும் மோசம்: உப்புக்காற்று கண்ணாடிப் பூச்சை அரித்துவிடும். ஏசி அறையிலிருந்து கருவியை நேராக வெளியே கொண்டுவந்தால், சென்னைக் காற்றின் ஈரம் முழுக்கக் கண்ணாடியில் படியும். முக்கால் மணி நேரம் முன்பே வெளியே வைத்து மூடியோடு வெளிச்சூட்டுக்கு வரவிடுங்கள்.

8 அங்குல டாப்சோனியன் கருவிக்கு (எளிய தாங்கியில் வைத்துக் கையால் திருப்பும் தொலைநோக்கி) குவியதூரம் பொதுவாக 1,200 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் கண்ணருகு வில்லை போட்டால் 48 மடங்கு. முழு நிலாவும் உள்ளே அடங்கும். 10 போட்டால் 120 மடங்கு; சனிக்கு நல்லது, ஆனால் வானம் நகர்வதால் ஒன்றே முக்கால் நிமிடத்தில் காட்சி வெளியே போய்விடும். ஆளுக்கு 40 விநாடி என்றால் இரண்டு பேருக்கு ஒரு தடவை யாராவது திருப்பி வைக்க வேண்டும். திருப்பி வைக்கும் நேரமும் சேர்ந்தால் 60 பேருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். வரிசையில் நிற்பவர்களிடம் 10×50 பைனாகுலர் ஒன்றைக் கொடுத்துவையுங்கள். குழந்தைகளுக்கு ஒரு முக்காலி. அது இல்லாவிட்டால் குழாயையே பிடித்துத் தொங்குவார்கள்.

பகலில் சூரியனைக் காட்டும் எண்ணம் இருந்தால், வடிகட்டி தொலைநோக்கியின் வாய்ப்பக்கம்தான் இருக்க வேண்டும், கண் வைக்கும் பக்கத்தில் கூடாது. அங்கே குவிந்த வெப்பத்தில் வடிகட்டி வெடித்துப் பார்வையே போய்விடும். குறிபார்க்கும் சிறு குழாயையும் மூடிவிடுங்கள். பச்சை லேசரால் வானத்தைக் காட்டும்போது விமானத்தின் பக்கம் தப்பித்தவறியும் போகக்கூடாது. மீனம்பாக்கத்தில் இறங்கும் பாதையில் உங்கள் பகுதி இருந்தால் லேசரே எடுக்காதீர்கள்.

கேள்வி நேரத்தில் ஒரே ஆள் மைக்கை வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் பேசுகிறார். மரியாதை கெடாமல் எப்படி நிறுத்துவது? - நூலக வாசகர் வட்டம், தாம்பரம்

மைக்கை யார் கையிலும் கொடுக்காதீர்கள். தொண்டர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு, கேட்பவரின் வாயருகே நீட்ட வேண்டும். கேள்வி முடிந்ததும் அவரே எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். இது ஒன்றே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். “ஐயா, உங்கள் கேள்வியை மட்டும் ஒரு வரியில் சொல்லுங்கள், மற்றதைத் தேநீர் நேரத்தில் பேசிக்கொள்ளலாம்” என்று தலைமை தாங்குபவர் சொல்லலாம். சொன்னபடி தேநீரின்போது பேச்சாளர் அவரோடு நின்று பேச வேண்டும்.

வாயே திறக்காதவர்கள்தான் எங்கள் கவலை. பேச்சு 45 நிமிடம், கேள்விக்கு 30 நிமிடம் என்று முதலிலேயே அறிவியுங்கள். நுழையும்போதே ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டும் பென்சிலும் கொடுங்கள். பேச்சு முடிந்ததும் இரண்டு நிமிட இடைவெளி விட்டுச் சீட்டுகளை வாங்கி, முதல் மூன்று கேள்விகளைச் சீட்டிலிருந்தே படியுங்கள். அதன்பின் முதலில் எழும் கையைப் பார்க்காமல், மாணவி ஒருவருக்குக் கொடுத்துப் பாருங்கள். அடுத்தடுத்துப் பெண்களின் கைகள் உயரும். ‘கேள்வி உண்டா?’ என்று கேட்டபின் மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். பலர் மூன்றிலேயே ‘சரி, நன்றி’ சொல்லிவிடுகிறார்கள். பேச்சாளர் ஒவ்வொரு கேள்வியையும் திரும்பச் சொல்லிவிட்டுப் பதில் தர வேண்டும். பின்வரிசைக்குப் பாதிக் கேள்வி கேட்டிருக்காது.

உடல்நலம் பற்றிப் பேச வந்த ஒருவர், முடிவில் தம் மருந்துப் பொடியை விற்க ஆரம்பித்துவிட்டார். - வாசகர், ஆவடி

அழைப்புக் கடிதத்திலேயே ‘விற்பனை, பெயர் சேகரிப்பு கூடாது’ என்று எழுதுங்கள். மருத்துவம் பேசுகிறவர் பதிவுபெற்ற மருத்துவரா, அந்தத் துறையில்தான் வேலை செய்கிறாரா என்று முன்பே பாருங்கள். அவர் சொல்லப்போகும் முக்கியமான மூன்று கருத்துகளுக்கு எந்த ஆய்வு ஆதாரம் என்று கேளுங்கள். உண்மையான ஆய்வாளர் அதை மகிழ்ச்சியோடு அனுப்புவார்.

ஆமை நடைக்கு ஒன்பது வயதுப் பையனை அழைத்துப் போகலாமா? - வாசகி, வேளச்சேரி

போகலாமா என்பது அவனால் எவ்வளவு நடக்க முடியும் என்பதைப் பொறுத்தது. கடலாமைகள் கரையில் இட்ட முட்டைகளை இரவில் நடந்து தேடிப் பாதுகாக்கும் இந்த வேலையை மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988 முதல் செய்துவருகிறது. ஜனவரி முதல் மார்ச்வரை வாரயிறுதி இரவுகளில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நள்ளிரவை ஒட்டி ஆரம்பித்து, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை ஈர மணலில் பல கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். விடியும் முன் முடியும். பகலில் ஒரு நாள் அதே கரையில் இரண்டு மணி நேரம் அவனை நடக்கவிட்டுப் பாருங்கள். சிணுங்காமல் வந்தால் இரவுக்கும் வருவான். வயது வரம்பு, முன்பதிவு இரண்டையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆமையைப் பார்த்தே தீருவோம் என்று பையனிடம் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். பல இரவுகளில் டிராக்டர் சக்கரம் போன ஒரு தடம் மட்டுமே கிடைக்கும். சிற்றாமை எனப்படும் பங்குனி ஆமை கரையேறிப் போன தடம் அது. தடத்தின் முடிவில் தொண்டர்கள் குச்சியால் மெதுவாக மணலைக் குத்திப் பார்த்து, இளகிய இடத்தில் கையால் தோண்டி எடுப்பார்கள். பிங்பாங் பந்து அளவில், தோல்போன்ற ஓட்டோடு, நூறுக்கும் மேல் முட்டைகள் இருக்கும். அவற்றைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய் அதே ஆழத்தில் புதைப்பார்கள். 45 நாளைக்கு மேல் ஆகும் பொரிய. மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமைகிறது. சூடு கூடினால் பெண்.

வழியில் இறந்த ஆமைகளையும் பார்க்க நேரலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. இழுவலையில் சிக்கி, மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் சாகின்றன. பையனுக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள். கைவிளக்கும் கைபேசி வெளிச்சமும் கூடாது. முட்டையிட வரும் ஆமை வெளிச்சம் கண்டால் திரும்பிவிடும். குஞ்சுகள் வெளிச்சம் அதிகமுள்ள பக்கத்தைக் கடல் என்று நம்பி, சாலை விளக்கை நோக்கி ஊரும். தண்ணீர் பாட்டில், அடர்நிற உடை, மணலில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளக்கூடிய செருப்பு போதும். வேளச்சேரிக்குத் திரும்ப அந்த நேரத்தில் பேருந்து இருக்காது, வண்டிக்கு முன்பே சொல்லிவையுங்கள்.